வெளியால் போன பந்துகள்

ஹனோவர்
14.09.2025

மிதுஷன் அண்ணாவுக்கு,

என் தங்கை கவிசாவின் முழங்கையை உடைத்தது நீங்கள். என் அப்பா அல்ல. இதைச் சந்தேகமாக எழுதவில்லை. நடந்தது இதுதான்.

வாட்ஸ்அப்பில் என்னைத் தடை செய்துவிட்டீர்கள். அதனால் பிராங்பேர்ட்டில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி நிலையத்தின் முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். 'அண்ணா' என்று எழுதியதில் மரியாதையைத் தேட வேண்டாம். பன்னிரண்டு வயது மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தமிழ்ப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தமிழில் எழுதுவதற்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. அப்பாவிடம் நீங்கள் அந்த வேலையைச் செய்தது தமிழில்தான். சுற்றி நின்ற ஜேர்மன்காரர் ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் செய்தீர்கள். பின்னால் மர வாங்கில் இருந்த எனக்கு விளங்கியது.

உங்கள் வாழ்க்கைக் கதையை நான் முதலில் கேட்டது மூன்று வருடங்களுக்கு முன், பள்ளியின் பரிசளிப்பு விழாவில். "அமெரிக்காவையே கலக்கிய எங்கட பிள்ளை" என்று நாகமுத்து மாஸ்டர் ஒலிவாங்கியில் முழங்கினார். அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். பேஸ்போல் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இருந்திருக்கமாட்டார்கள். கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் மாதிரி, பேஸ்போலில் எறிபவர் என்று நீங்களே விளக்க வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆள் உயரமாக இருந்து, அமெரிக்கா என்ற சொல்லும் கூட வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். அந்த நாட்டில் எறியப்படும் ஒவ்வொரு பந்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒப்பந்தம். அரிசோனாவில், ஆக அடிமட்டத் தொடரில், இரண்டு கோடைகாலம். மொத்தம் பத்தொன்பது ஆட்டங்கள். பிறகு முழங்கையில் சத்திரசிகிச்சை. இருபத்தொரு வயதில், 'விடுவிக்கப்பட்டார்' என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பின் இங்கே கழகத்துக்குக் கழகம் மாறி ஏழு வருடங்கள் எறிந்திருக்கிறீர்கள். கழகம் தந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு, வார நாட்களில் பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்பது பாகை வெயிலில், பார்க்க ஆளில்லாத மைதானத்தில் நின்று எறிந்த அந்த இளைஞனை நான் மதிப்பேன். மொழி தெரியாத விடுதியில் தனியாகக் கிடந்து, ஐந்து நிமிடப் பேச்சோடு விமானச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பியவன் அவன். அவன் மேடைக்கு வந்திருந்தால் நானும் எழும்பி நின்றிருப்பேன். மேடைக்கு வந்தது வேறொருவர். சட்டைக் கையை மேலே இழுத்து, முழங்கையின் உட்பக்கத்தில் இருந்த தழும்பைச் சனத்துக்குக் காட்டினார். "பதினாறு வயதிலை சனிக்கிழமையும் எறிய விட்டவங்கள், ஞாயிற்றுக்கிழமையும் எறிய விட்டவங்கள். ஒருத்தனும் எண்ணேல்லை. ஒருத்தன் எண்ணியிருந்தா நான் இண்டைக்கும் அங்கை நிண்டிருப்பன்" என்று சொல்லி அழுதார்.

உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது என் அப்பா யோகலிங்கம். காரில் வரும்போது, "என்ன மாதிரிப் பொடியன் பார்! இப்பிடி ஒருத்தன் எங்கட பிள்ளையளுக்குப் பழக்க வந்திருக்கிறான்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த சனிக்கிழமை பதினொரு வயதுக் கவிசாவை உங்கள் அணியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவள் எறிந்த முதல் நாளே நீங்கள் தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தீர்கள். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் அவள் சந்தோசமாக இருந்தாள்.

அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். நீங்கள் அவரை ஒழுங்காகப் பார்த்திருக்கமாட்டீர்கள். அவர் ஒரு வைத்தியசாலையின் சலவைக்கூடத்தில் இருபத்திநான்கு வருடங்களாக வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பார். எங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களில் கடைசிக் கதிரையில் இருந்து, விளங்காததற்கும் தலையாட்டிவிட்டு வருவார். அந்த மனிதனின் கையில் இந்த நாட்டில் முதன்முதலாக உத்தியோகபூர்வமான ஒரு வேலையை நீங்கள் கொடுத்தீர்கள். ஒரு கிளிக்கர். சின்ன இரும்புக் கருவி. கட்டைவிரலால் அழுத்த ஓர் எண் கூடும். எங்கள் தொடரில் அந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் எண்பத்தைந்து தடவைக்கு மேல் எறியக்கூடாது. அந்த எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பு அவருடையது. ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் அவர் சட்டையை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனார்.

அவர் எண்ணியது பிழை. அதை மறைக்கமாட்டேன். கிரிக்கெட்டில் வைட் பந்து ஓவரில் சேராது. முப்பது வருடம் நடுவராக நின்றவரின் விரல் அப்படித்தான் பழகியிருந்தது. அடிப்பவருக்கு எட்டாமல் வெளியால் போன பந்துகளை அவர் எண்ணவேயில்லை. எறிகிற கைக்கு நல்ல பந்து, கெட்ட பந்து என்ற வித்தியாசம் கிடையாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேஸ்போலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவும்மாட்டார்கள்.

ஆனால் மே 10ஆம் திகதி உங்களுக்குத் தெரியவந்தது.

எதிரணியின் பயிற்சியாளர், அந்தத் தாடிக்காரர், குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றார். அவருடைய கணக்கில் கவிசா நூற்றுப் பன்னிரண்டு தடவை எறிந்திருந்தாள். அப்பாவின் கிளிக்கரில் அறுபத்தொன்பது. தாடிக்காரர் குரலை உயர்த்தினார். அப்பா கிளிக்கரைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் கிளிக்கரை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் தமிழில், "எப்பிடி அண்ணை எண்ணுறியள்?" என்று கேட்டீர்கள். "கிரிக்கெட்டிலை மாதிரித்தான் தம்பி, வெளியாலை போறதை விட்டிட்டு" என்றார் அப்பா. நீங்கள் சிரித்தீர்கள். "சரி அண்ணை, நீங்கள் அப்பிடியே எண்ணுங்கோ" என்றீர்கள். பிறகு தாடிக்காரர் பக்கம் திரும்பி நல்ல ஜேர்மன் மொழியில், இவர் முப்பது வருட அனுபவமுள்ள நடுவர், நீங்கள் பயிற்சி எறிவுகளையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள் என்றீர்கள். சொந்த மைதானத்தில் சொந்த அணியின் கணக்குத்தான் செல்லும். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் அம்மா செய்து தந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு பின்னால் இருந்தேன். எனக்கு அப்போது பேஸ்போல் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஜூன் 28ஆம் திகதி அதே அணியோடு கடைசி ஆட்டம். பிராங்பேர்ட் பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து நிழலில் இருந்தார்கள். கவிசாவைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அவர்கள் பார்க்க வந்தது பயிற்சியாளரை. ஆண் பிள்ளைகளை வரிசையாக வெளியேற்றும் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையை உருவாக்கியவர் எப்படி இருப்பார் என்று பார்க்க வந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் அவள் கையை உதறிக்கொண்டு உங்களைப் பார்த்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். அவள் எறிந்த கடைசிப் பந்து எங்கோ போனது; எறிபவர் நிற்கும் மேட்டிலேயே அவள் முழங்காலில் இருந்துவிட்டாள். அப்பாவின் கையில் எண்பத்தொன்று. தாடிக்காரரின் புத்தகத்தில் நூற்று முப்பத்துநான்கு.

வளர்ந்துகொண்டிருந்த இடத்தில் எலும்பு பிய்ந்து விலகியிருக்கிறது. ஒரு திருகாணி போட்டிருக்கிறார்கள். எத்தனை தடவை எறிந்தாள் என்று வைத்தியர் கேட்டபோது அப்பா எண்பத்தொன்று என்று தெளிவாகச் சொன்னார். எப்படி எண்ணினார் என்பதையும் சொன்னார். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கவிசா அந்த அறையில்தான் இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. பதினொரு கிழமை. இடக்கையால் சாப்பிடக் கஷ்டப்படுகிறாள் என்று அப்பா இறைச்சியை வெட்டி வைத்தால், சாப்பாட்டுக் கோப்பையை அம்மா பக்கம் தள்ளுகிறாள். அப்பா ஞாயிறுகளில் நடுவராகப் போவதை விட்டுவிட்டார். நான் மே மாதம் நடந்ததை இருவருக்கும் சொன்னேன். "உனக்குப் பேஸ்போலும் தெரியாது, மிதுஷன் அண்ணாவையும் பிடிக்காது" என்று கவிசா கதவைச் சாத்தினாள். கை சரியானதும் நீங்கள் அவளைப் பிராங்பேர்ட்டுக்குக் கூப்பிடுவீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்பா அதைவிட மோசம். "அவன் கத்திக்கொண்டு நிண்டதிலை தம்பிக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரோ? தம்பியின்ரை கையைப் பார்த்தனிதானே" என்கிறார். உங்கள் தழும்பு உங்களுக்குச் சாட்சி சொல்லுகிறது. நல்ல வசதி.

தாடிக்காரரின் முறைப்பாட்டைத் தொடரை நடத்தும் சங்கத்தில் ஒக்டோபர் 11ஆம் திகதி விசாரிக்கிறார்கள். அப்பாவை வரச் சொன்ன நேரம், தெர்மின், காலை பத்து மணி. வாருங்கள். மே மாதமே தெரியும், தெரிந்துதான் விட்டேன் என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லுங்கள். அதற்கு மேல் உங்களிடம் எங்களுக்கு எதுவும் தேவையில்லை.

யோகலிங்கம் சுபானி


ஹனோவர்
19.10.2025

மிதுஷனுக்கு,

நீங்கள் வரவில்லை. பயிற்சி முகாம் இருந்ததாம். உங்கள் கடிதம் மட்டும் வந்தது. அவர்கள் அதை வாசித்தார்கள். எண்ணிக்கைக்கு யோகலிங்கம் என்பவரே பொறுப்பு, அவர் நல்ல மனதோடு தவறிழைத்தார், தன்னார்வலர்களிடம் இப்படி நடப்பதுண்டு, எனக்கு அவர்மேல் எந்த மனக்கசப்பும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடைசி வசனத்தை எழுதிவிட்டுத் தேநீர் குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் மே மாதக் கதையைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த உரையாடல் எந்த மொழியில் நடந்தது என்று கேட்டார். தாடிக்காரரிடம் திரும்பினார். இருவரும் தங்கள் மொழியில் ஏதோ பேசினார்கள், ஒருவர் சிரித்தார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். பிறகு அப்பாவைக் கேட்டார்கள். அப்பா எழும்பி நின்றார். கதிரையில் இருந்துகொண்டு பேசலாம் என்று சொல்லியும் இருக்கவில்லை. பிழை தன்னுடையது, பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியாது என்று தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது என்னைப் பார்த்து, நீ வாயை மூடு என்பதுபோல் கையைக் காட்டினார்.

இரண்டு வருடங்களுக்கு அவர் எந்த இளையோர் அணிக்கும் எந்த வேலையும் செய்யக்கூடாது. உங்களுக்கு 'கூடுதல் கவனம் தேவை' என்று ஒரு குறிப்பு. பிராங்பேர்ட்டில் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை.

வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "விடு பிள்ளை. எங்கட ஆக்களை நாங்களே வெள்ளைக்காரனுக்கு முன்னாலை இழுத்து விடுறதோ?" என்றார். நாகமுத்து மாஸ்டரும் அடுத்த நாள் தொலைபேசியில் அதையேதான் சொன்னார்; கொஞ்சம் இலக்கணத் தமிழில். "மேலே வந்த பிள்ளை ஒன்றே ஒன்று. அதை நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்றார். அப்பாவும் எங்கட ஆள்தானே மாஸ்டர் என்று கேட்டேன். அவர் நல்லவர், அவர் தாங்குவார் என்றார். எங்கள் சமூகத்தின் சட்டம் இதுதான் போலிருக்கிறது. சலவைக்கூடத்தில் நிற்பவன் தாங்க வேண்டும், மேடையில் நிற்பவனைத் தாங்க.

நான் வேலை செய்வது தொடருந்துப் பட்டறையில். ஒரு வண்டியின் பிரேக்கைச் சோதித்தால் சோதித்தவள் பெயரை எழுத வேண்டும். பிழை தெரிந்தும் வண்டியை வெளியே விட்டால், திருகாணியைப் பூட்டத் தெரியாமல் பூட்டியவனை விட எனக்குத்தான் தண்டனை அதிகம். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு நாள் வகுப்புப் போதுமாக இருந்தது. உங்களுக்கு உங்கள் சொந்தக் கையே பாடமாக இருந்தும் போதவில்லை.

விசாரணை முடிந்தது. உங்கள் வேலைக்கு இனி ஆபத்தில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டார். ஆகவே இனிப் பயப்பட ஒன்றுமில்லை. கவிசாவுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவளிடம் மட்டும் சொல்லுங்கள், அப்பாவைக் குற்றம் சொல்லாதே, அவர் பிழையாக எண்ணுவது எனக்கு மே மாதமே தெரியும் என்று. அவள் இந்த வீட்டில் யார் சொன்னாலும் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். அதுவும் நீங்கள் செய்து வைத்த வேலைதான்.

சுபானி


ஹனோவர்
23.11.2025

மிதுஷன்,

அழைப்பு எடுத்தீர்கள். கவிசாவின் பதினைந்தாவது பிறந்தநாளன்று, கேக் வெட்டுவதற்குச் சற்று முன். அவள் தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். பதினொரு நிமிடம். என் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் சமையலறையில் நின்று நம்பினேன். அப்படி நம்பியதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் வெளியே வந்து நேராக அப்பாவிடம் போனாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் நின்று, "மிதுஷன் அண்ணா சொன்னவர், அப்பாவை மன்னிச்சிடட்டாம். நான் உங்களை மன்னிக்கிறன்" என்றாள். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை பேசுவது மாதிரிப் பேசினாள்.

அப்பா அழுதார். மெழுகுதிரி கொளுத்தும் லைற்றரைக் கையில் வைத்துக்கொண்டு, வந்திருந்த எல்லோருக்கும் முன்னால் அழுதார். அம்மா அவருடைய தோளைத் தடவினார். யாரோ, "பெரிய மனசு அந்தத் தம்பிக்கு" என்று சொன்னார்கள். கவிசா கேக்கை இடக்கையால் வெட்டி, முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டினாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அப்பாவைப் போல் சந்தோசமான ஒரு மனிதனை நான் கண்டதில்லை.

உங்களைக் கோழை என்று நினைத்திருந்தேன். அது உங்களுக்குக் கூடுதலான மரியாதை. கோழை பேசாமல் இருப்பான். நீங்கள் பேசுகிறீர்கள். நீங்கள் உடைத்த கைக்கு, நீங்கள் ஏமாற்றிய மனிதனை, நீங்களே மன்னித்து விடுகிறீர்கள். அதையும் ஒரு பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கிறீர்கள்.

இப்போது அவள் அப்பாவோடு பேசுகிறாள். நான் ஏன் இன்னும் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். அம்மாவும் அதைத்தான் கேட்கிறார். எப்படிப் பேசுகிறாள் என்று சொல்கிறேன். தவறு செய்த சின்னப் பிள்ளையோடு பேசுவது மாதிரி. அவர் காரைப் பின்னால் எடுத்தால், "கவனம் அப்பா, எண்ணி எடுங்கோ" என்று சிரிக்கிறாள். அவரும் கூடச் சிரிக்கிறார். நேற்று மருந்துக் குளிசையைக் கவிசாவிடம் கொடுக்கும் முன், எத்தனை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இரண்டு குளிசை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சரியோ பார் பிள்ளை" என்றார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

இந்த உறையினுள் இன்னொரு கடிதம் இருக்கிறது. அது அப்பா உங்களுக்கு எழுதியது. மூன்று நாட்கள் எழுதினார். முகவரி சரியா என்று பார்க்கும்படி என்னிடம் தந்தார். 'என் குடும்பத்தை ஒன்றாக்கி வைத்த தம்பிக்கு' என்று தொடங்கியிருக்கிறார். மே மாதம் அந்தப் பயிற்சியாளர் முன்னால் தன்னை விட்டுக்கொடுக்காமல் நின்றதை உயிருள்ளவரை மறக்கமாட்டாராம். அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு உங்களையே பிரதம விருந்தினராக அழைக்கும்படி நாகமுத்து மாஸ்டரிடம் கேட்டிருக்கிறாராம். நீங்கள் நல்ல சுகத்தோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டும், உங்கள் கையால் இன்னும் நூறு பிள்ளைகள் வளர வேண்டும் என்று முடித்திருக்கிறார். அதைக் கிழித்துப் போட இரண்டு தடவை எடுத்தேன். அது அவருடைய கையெழுத்து. எனக்கு அந்த உரிமை இல்லை.

முழுவதையும் வாசியுங்கள். அந்த ஆசீர்வாதத்தை வைத்துக்கொண்டு உங்களால் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது உங்களுடையதல்ல.

அப்பா மாலை ஐந்து மணிக்கு வேலையால் வருவார். வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கதிரையில் இருப்பார். அந்த நேரம் அழைப்பு எடுங்கள். முதலில் அவர் நன்றி சொல்லத் தொடங்குவார். இடையில் மறித்து நிறுத்துங்கள். அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டது என்று சொல்லுங்கள். கேட்டது மட்டுமல்ல, விளங்கியது என்றும் சொல்லுங்கள். விளங்கிய பிறகும் ஏழு கிழமை அந்தப் பிள்ளையை எறிய விட்டேன் என்று, அவருக்கு விளங்கும்வரை, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சுபானி